பேரவையின் பொத்தான்

மலேசியாவில், கெடா நடுவட்டாரத் தமிழர் மேம்பாட்டுப் பேரவையில் மொத்தம் நாற்பத்து மூன்று உறுப்பினர்கள். நாற்பத்து மூவரும் செயற்குழுவில் இருந்தார்கள். சும்மா உறுப்பினர் என்று ஒருவரை விட்டுவைத்தால் அவர் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார் என்று பேரவையை நிறுவிய பெரியவர்கள் அப்போதே கண்டுகொண்டிருந்தார்கள்.

முன்பெல்லாம் பேரவை சுங்கைப் பட்டாணியில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னறையில் கூடும். ஆளுக்கு இரண்டு வடை, ஒரு தேத்தண்ணி, எல்லாருக்கும் பொதுவாக ஒரு சண்டை. யாருக்காவது சிபாரிசுக் கடிதம் வேண்டுமென்றால் கதவோரம் வந்து நிற்பார்கள். அப்போதைய செயலாளர் மோட்டார் கூடையிலிருந்து பேரவையின் கடிதத்தாளை உருவி, முழங்காலில் வைத்து எழுதி, சீல் குத்திக் கொடுத்துவிடுவார். தேத்தண்ணி ஆறுவதற்குள் கடிதம் கைக்கு வந்துவிடும். தலைவர் 'சேவைச் சிகரம்' கார்த்திகேசுவுக்கு இதுதான் பொறுக்கவில்லை. வேலை இவ்வளவு சீக்கிரம் முடிந்தால் பேரவை என்று ஒன்று இருப்பது எவனுக்குத் தெரியும்?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் லங்காவியில், கடலைப் பார்த்த ஓட்டலில், மூன்று நாள் இலக்கவியல் தலைமைத்துவப் பயிற்சிக்குப் போனார். திரும்பி வந்தவர், வடை தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு முழங்கினார்.

"இதுவரை நாம் கூட்டத்துக்குள் அரட்டை அடித்தோம். இனி அரட்டைக்குள் கூட்டம் நடத்துவோம்!"

விஷயம் இதுதான். எல்லாரும் போனில் ஒரு செயலியை ஏற்றிக்கொள்ள வேண்டும். அதில் பேரவைக்கென்று ஒரு அரட்டைக் குழு. அந்தக் குழுவின் நெற்றியில் பொட்டு மாதிரி ஒரு சின்ன கேமரா படம். அதைத் தொட்டால் போதும், அரட்டை அடித்துக்கொண்டிருந்த இடத்திலேயே முகத்துக்கு முகம் கூட்டம் தொடங்கிவிடும். நாற்பத்து மூன்று போனும் ஒரே நேரத்தில் அலறும்.

இதைக் கட்டி மேய்க்க ஒரு ஆள் வேண்டுமே. செமிலிங்கில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் காளிதாசனைத் துணைச் செயலாளர் ஆக்கினார்கள். தலைவரின் போன் ஒரு நாள் மூச்சு விடாமல் கிடந்தபோது அதை அணைத்துத் திரும்பப் போட்டவர் என்பது அவருடைய தகுதி.

முதல் வாரத்தில் மட்டும் பத்தொன்பது கூட்டங்கள் நடந்தன. ஒன்றையும் யாரும் கூட்டவில்லை. புக்கிட் செலம்பாவ் உறுப்பினர் ரவிச்சந்திரன் போனைப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு மோட்டாரில் பீடோங் வரை போனார். அவர் உட்கார்ந்த உட்காரலில் பொத்தான் அழுந்தி, பேரவை கூடிவிட்டது. முப்பத்தொரு பேர் பொறுப்போடு வந்து சேர்ந்து, நாற்பது நிமிடம் அவருடைய பாக்கெட்டின் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் அந்த இருட்டுக்கே வரவேற்புரை ஆற்றினார். "இருளிலிருந்து ஒளியை நோக்கி நம் சமுதாயம்" என்பது தலைப்பு. தொடங்கிய கூட்டத்தை நன்றியுரை இல்லாமல் முடிப்பது மரபல்ல என்பதால், சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்த ரவிச்சந்திரனின் இடுப்புக்குக் கீழிருந்து, "நன்றியுரையாற்ற அன்பர் ரவிச்சந்திரனை அழைக்கிறோம்" என்று ஒரு குரல் வந்தது. மனுஷன் மோட்டாரோடு சாக்கடைக்குள் போகாமல் தப்பியது குலசாமி புண்ணியம். செயலாளர் சசிகுமார் குறிப்பேட்டில் எழுதினார்: 'கூட்டம் இருட்டாக இருந்தது. எனினும் சிறப்பாக நடைபெற்றது.'

அதன்பிறகு சுற்றறிக்கை வந்தது. பொத்தானைத் தலைவர் மட்டுமே அழுத்தலாம். தலைவர் என்றால் சும்மா அழுத்திவிட முடியுமா? ஒவ்வொரு கூட்டத்துக்கும் காளிதாசன் தாம்பாளத்தோடு தலைவர் வீட்டுக்குப் போனார். நல்ல நேரம் பார்த்து, போனுக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, நாதஸ்வர ஒலிப்பதிவை ஓடவிட்டு, தலைவரின் ஆள்காட்டி விரலைப் பொத்தான் இருக்கும் இடத்துக்கு வழிகாட்ட வேண்டும். ஒரு முறை சந்தனம் கண்ணாடிக்குமேல் வழிந்துவிட்டது. மூன்று கூட்டங்களுக்குத் தலைவர் மஞ்சள் மூட்டமாகவே தெரிந்தார்.

"தலைவர் முகத்துல ஒரு தேஜஸ் தெரியுதுங்க" என்றார் சசிகுமார்.

அடுத்த சிக்கல் பெட்டிகள். திரையில் ஆளுக்கொரு பெட்டி. அந்தச் செயலிக்கு மரியாதை என்றால் கிலோ என்ன விலை? தலைவரைக் கீழ் வரிசையில், பொருளாளரின் கொல்லைப்புறக் கோழிக்குப் பக்கத்தில் வைத்தது. அதைவிடக் கொடுமை, யார் பேசுகிறார்களோ அவர்கள் பெட்டி பெரிசாகும், மற்றவர்கள் சுருங்குவார்கள். அலோர் ஸ்டார் உறுப்பினர் ஒருவர் இருமினார். தலைவர் சுருங்கினார். இருமியவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. அன்றிலிருந்து கூட்டத்தில் எல்லாருடைய மைக்கும் அணைந்தே இருந்தது.

பொன்னாடை மட்டும் எப்படி நிற்கும்? பேரவை கூடினால் ஐந்து பேருக்காவது போர்த்தியாக வேண்டும். கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னாலேயே காளிதாசன் பொன்னாடைகளை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போய், மனைவிமாரிடம் கொடுத்து, பெயர் சொன்னதும் பின்னாலிருந்து வந்து போர்த்தச் சொல்லிவிட்டு வருவார். ஒரு வீட்டில் மனைவி காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்ததால் கணவரே எடுத்துத் தானே போர்த்திக்கொண்டார். தனக்குத்தானே போர்த்தியது செல்லுமா செல்லாதா என்று விசாரிக்க மூவர் குழு அமைக்கப்பட்டது. அந்தக் குழு இன்னும் கூடவில்லை. பொத்தானை யார் அழுத்துவது என்பது முடிவாகவில்லை.

ஆரம்பத்தில் காளிதாசனுக்கு இதெல்லாம் கூச்சமாகத்தான் இருந்தது. தாம்பாளத்தோடு தெருவில் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போவார். ஆனால் கூச்சம் என்பது புதுச் செருப்பு மாதிரி. முதல் வாரம் கடிக்கும். அப்புறம் அது காலில் இருப்பதே மறந்துவிடும்.

அவருடைய கடைக்குத்தான் மருதம்மாள் வந்தாள்.

மருதம்மாளுக்கு எழுபத்தொரு வயது. காளிதாசன் பிறந்த அதே ரப்பர் தோட்டத்தில், அதே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவள். நாற்பது வருஷம் பால் மரம் வெட்டியவள். அவள் பிறந்தபோது பிறப்பைப் பதிவு செய்கிறேன் என்று சொன்ன தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி, அடுத்த வாரமே வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டான். அதனால் அவள் கையில் இருப்பது சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டை. பிறந்த மண்ணிலேயே வெளியூர்க்காரி. குடிமக்களின் நீல ஐசிக்கு மனுப் போட்டு, அலோர் ஸ்டார் பதிவு அலுவலகத்துக்கு மூன்று தடவை போய்விட்டு வந்துவிட்டாள். மூன்று தடவையும் ஒரே ஒரு கடிதம் குறைந்தது.

"காளி, இந்தக் கடுதாசியப் பாருப்பா. நாலாவது தடவ கூப்புட்டுருக்காங்க. ஞாயித்துக்கெழம காலைல ஒம்போது மணிக்கு. என்னைத் தெரியும்னு யாரோ எழுதிக் குடுக்கணுமாம்."

காளிதாசன் வாங்கிப் பார்த்தார். மலாயில் இருந்தது. இரண்டு வரி படிப்பதற்குள் ஒருவன் பிரேக் கேபிள் கேட்டு வந்தான்.

"இது பேரவை விசயம்லா அக்கா. நான் பாத்துக்கிறேன்."

"போன மூணு தடவையும் அப்படித்தான்பா சொன்ன."

உண்மைதான். முதல் தடவை பேரவை கூடியது ரவிச்சந்திரனின் பாக்கெட்டுக்குள். இரண்டாம் தடவை சசிகுமார் அவள் கடிதத்தைப் படம் பிடித்துக் குழுவில் போட்டார். அதற்கு மேல் இருநூறு காலை வணக்கப் பூங்கொத்துகள் விழுந்து அதை மூடிவிட்டன. மூன்றாம் தடவை கூட்டத்துக்குப் போதிய பேர் வரவில்லை.

"இந்த வாட்டி ஒங்களக் கூட்டத்துக்குள்ளயே கொண்டு வந்துர்றேன் அக்கா. உள்ள விடுற பொத்தான் எங்கிட்டதான் இருக்கு."

"இந்த வாட்டியும் இல்லன்னா, இனிமே கூப்புட மாட்டாங்களோன்னு பயமா இருக்குப்பா. சாகுறதுக்குள்ள ஒரு தடவ ஓட்டுப் போட்டுப் பாக்கணும். எப்படித்தான் இருக்கும்னு."

காளிதாசன் சசிகுமாரிடம் பேசினார். ஒரு பக்கக் கடிதம், இப்போதே எழுதினால் என்ன என்றார்.

"என்னாண்ணே நீங்க? தீர்மானம் இல்லாம கடிதமா? ஆளப் பாக்காம தீர்மானமா? சனிக்கெழம கூட்டத்துல அந்தம்மா காணொலியில தோணட்டும்."

"அவங்க கிட்ட பட்டன் போன்தான் சசி."

"நாம டிஜிட்டலுக்குப் போயிட்டோம்லா. அவங்களுக்காகத் திரும்பி வர முடியுமா?"

மருதம்மாளின் பக்கத்து வீட்டு ஷீலாவிடம் நல்ல போன் இருந்தது. கையுறைத் தொழிற்சாலையில் வேலை. மருதம்மாளுக்காகச் சனிக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டுக் கூடவே உட்காருகிறேன் என்றாள். உறுப்பினரல்லாதவர்கள் நேராக உள்ளே வர முடியாது. செயலியில் காத்திருப்பு அறை ஒன்று உண்டு. அங்கே வந்து நிற்பார்கள். காளிதாசன் போனில் அவர்கள் பெயர் தெரியும். அவர் தொட்டால் கதவு திறக்கும்.

சனிக்கிழமை காலை ஒன்பதுக்கே நல்ல நேரத்தில் தலைவரைப் பொத்தானை அழுத்தவைத்துவிட்டு, காளிதாசன் தன் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டார். பத்து மணிக்குக் கூட்டம் தொடங்கியது. முதல் நிகழ்ச்சி குத்துவிளக்கு ஏற்றுதல். நாற்பத்து மூன்று வீட்டிலும் நாற்பத்து மூன்று விளக்கு. காற்றாடியை நிறுத்த மறந்ததால் ஒன்று எரிந்தால் இரண்டு அணைந்தது. எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தால்தான் கூட்டம் தொடங்கியதாகக் கணக்கு. நாற்பத்து மூன்று வீட்டிலும் காற்றாடியை நிறுத்தினார்கள். வேர்த்து ஊற்றியது. ஒருவர் மீசை கருகியது. பத்து ஐம்பதுக்குத் தமிழினம் ஒளி பெற்றது.

இதற்கிடையில் பத்து ஏழுக்கே காளிதாசன் போனில் ஒரு வரி மேலிருந்து இறங்கியது: 'மருதம்மாள் காத்திருக்கிறார்.'

அவர் விரல் போவதற்குள் சசிகுமாரிடமிருந்து செய்தி வந்தது. "இப்ப வேணாண்ணே. அவங்க இருபத்தேழாவது நிகழ்ச்சி. புதுசா ஒரு முகம் வந்தா பெட்டியெல்லாம் நகந்துரும். தலைவர இப்பதான் மேல் வரிசையில பிடிச்சு நிறுத்தியிருக்கேன்."

தலைவர் பேசினார்.

"அன்பர்களே! ஏழை எளிய மக்களின் குரல் என் காதில் தெளிவாக விழ வேண்டும். அதற்காகத்தான் எல்லாருடைய மைக்கையும் அணைக்கச் சொன்னேன். அன்று மக்கள் நம்மைத் தேடிக் கடை வாசலில் வந்து நின்றார்கள். வெயிலில் நின்றார்கள், மழையில் நின்றார்கள். என் நெஞ்சு பொறுக்கவில்லை. இன்று அவர்களுக்காகவே ஒரு காத்திருப்பு அறை இருக்கிறது. எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம். ஒரு சொட்டு மழை மேலே விழாது! இரண்டு வருஷத்தில் நாம் நடத்திய கூட்டங்கள் நூற்றெழுபது. எழுதிய சிபாரிசுக் கடிதம் ஒன்றுகூட இல்லை. இதிலிருந்தே தெரியவில்லையா, மக்களின் குறைகள் எவ்வளவு தீர்ந்துவிட்டன என்று?"

நாற்பத்திரண்டு பெட்டிகளில் சத்தமில்லாமல் கைதட்டினார்கள்.

அப்புறம் பொன்னாடைகள். நான்கு பேருக்குப் போர்த்தி முடிந்தது. ஐந்தாவது பெயரைத் தலைவர் வாசித்தார். "நமது பொத்தானைக் காத்து நிற்கும் செம்மல் காளிதாசன் அவர்களுக்குக் 'காணொலிக் காவலர்' என்ற விருது!"

காளிதாசனுக்குத் தெரியவே தெரியாது. அவருக்குத் தெரியாமல் சசிகுமார் பொன்னாடையை அவர் மனைவி குணசுந்தரியிடம் கொடுத்துவைத்திருந்தார். குணசுந்தரி பின்னாலிருந்து வந்து போர்த்தினாள். சரிகை கழுத்தில் குத்தியது. ஐம்பத்தாறு வருஷத்தில் அந்தத் தோளில் விழுந்தவை மூட்டை, டயர், ஒரு முறை அப்பாவின் பிரம்பு. பட்டு விழுந்தது இதுதான் முதல் தடவை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தன் மைக் திறந்ததும் தன்னுடைய பெட்டி பெரிதாவதை அவரே பார்த்தார். திரை முழுக்க அவர் முகம். என்னதான் சொல்லுங்கள், பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அந்த முகத்தின் நெற்றிக்குக் குறுக்கே ஒரு வரி வந்து விழுந்தது: 'மருதம்மாள் காத்திருக்கிறார்.'

முகத்தை மறைக்கிறதே என்று அதை விரலால் ஓரமாகத் தள்ளிவிட்டார்.

ஒரு நிமிடம் பேசுவதாக ஆரம்பித்தார். இருபத்தைந்து நிமிடம் பேசினார். பின்தங்கிய நம் மக்களைக் கை பிடித்து உள்ளே அழைத்து வருவதே தன் வாழ்நாள் பணி என்றார். அந்த இடத்தில் வரி மறுபடியும் வந்தது. மறுபடியும் தள்ளினார். மொத்தம் ஆறு தடவை. கடைசித் தடவை, ஈ ஓட்டுவதுபோல, பார்க்காமலே தள்ளினார்.

ஒன்றரை மணிக்கு சசிகுமார் இருபத்தேழாவது நிகழ்ச்சியை வாசித்தார். "மருதம்மாள் அவர்களின் விண்ணப்பம். விண்ணப்பதாரர் தோன்றவில்லை."

"பார்த்தீர்களா?" என்றார் தலைவர். "நாம் கதவைத் திறந்தே வைத்திருக்கிறோம். நம்ம ஜனங்கள்தான் வருவதில்லை. எப்படி அய்யா முன்னேறும் இந்த இனம்?"

காளிதாசனின் கட்டைவிரல் மைக்குக்கு மேலே போய் நின்றது. தொட்டால் அவர் பெட்டி பெரிதாகும், தலைவர் சுருங்குவார். தோளில் பொன்னாடை இருந்தது. 'அந்தம்மா பத்து மணியிலேருந்து வெளியில நிக்குறாங்க' என்று ஒரு வாக்கியம்தான். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பதை ஆமோதிப்பவர்கள் கையுயர்த்தவும்" என்றார் சசிகுமார்.

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு மஞ்சள் கை முளைத்தது. நாற்பத்திரண்டு கைகள். எல்லாரும் நாற்பத்து மூன்றாவது பெட்டியைப் பார்ப்பதுபோல் இருந்தது. மைக்குக்கு மேலே நின்ற கட்டைவிரல் அரை அங்குலம் நகர்ந்து, கையை உயர்த்தியது.

கூட்டம் முடிந்ததும் குணசுந்தரி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "நான் துண்டு போத்துறப்போ யாரோ ஒரு அம்மா பேரு மேல மேல வந்துக்கிட்டே இருந்துச்சே. யாருங்க அது?"

"ஒன்னுமில்ல" என்றார் காளிதாசன். பிசைந்த சோறு அப்படியே இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு மோட்டாரை எடுத்தார்.

லயத்து வாசலில் இறங்கும்போதுதான் பொன்னாடை இன்னும் தோளில் கிடப்பது தெரிந்தது. அவசரமாகச் சுருட்டி சீட்டுக்கு அடியில் திணித்தார். உள்ளே, மேசையில் சின்ன இடி உரலில் சாய்த்து வைத்த போன். அதன் முன்னால் மருதம்மாள், முகத்துக்குப் பவுடர் பூசி, தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கிறவள்போல் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வைத்த தண்ணீர் தொடாமல் இருந்தது.

ஷீலா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "நாலு மணி நேரம்ணே! பாத்ரூம்கூட போக மாட்டேங்குது. போனா அந்த நேரம் பாத்து கூப்புட்டுருவாங்களாம். ஒங்களுக்கெல்லாம் என்னா பெரிய ஆளுங்கன்னு நெனப்பா?"

"சும்மா இரு ஷீலா" என்றாள் மருதம்மாள். அப்புறம் காளிதாசனைப் பார்த்து, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். "எம்மேலதான் தப்புப்பா. பதினோரு மணி வாக்குல அடக்க முடியாம தும்மிட்டேன். அதுல எதுவும் கட்டாயிருச்சா? கோவமா இருக்காங்களா?"

காளிதாசனுக்குப் பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலாம் என்று இருந்தது. பூமி பிளக்கவில்லை. அதற்கும் தீர்மானம் வேண்டும் போலிருந்தது. வெளியே வந்து தலைவருக்குப் போன் போட்டார்.

"காளிதாசன், உணர்ச்சிவசப்படாதீங்க. ஒரு கெழவிக்காக மரப மீறுனா, நாளைக்கு ஆளாளுக்கு வந்து கேக்க ஆரம்பிச்சிருவாங்க."

"கேக்கத்தானே அண்ணே பேரவை?"

"யாரு சொன்னா ஒங்களுக்கு?" என்றார் தலைவர், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு.

அன்று சாயங்காலம் காளிதாசன் கடையைத் திறந்து, வேறு வழி தெரியாமல், கடைக் கடிதத்தாளிலேயே எழுதினார். மேலே ஒரு சக்கரம் படம். 'காளிதாசன் மோட்டார் உதிரிப்பாகம், செமிலிங்.' இந்த அம்மாளைத் தெரியும், இந்த லயத்தில்தான் பிறந்தார், இங்கேதான் மரம் வெட்டினார். எட்டு வரி. கடை முத்திரையைக் குத்தினார். இதை எவன் மதிப்பான் என்று நினைத்துக்கொண்டே மடித்தார்.

கெடாவில் ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் திறந்திருக்கும். அலோர் ஸ்டாரில் ஒன்பது மணிக்கு எண் கூப்பிட்டார்கள். மேசையில் முக்காடு போட்ட ஒரு மலாய்ப் பெண் அதிகாரி. காளிதாசன் கடிதத்தை நீட்டும்போதே மன்னிப்புக் கேட்டார். சங்கத்துக் கடிதம் கிடைக்கவில்லை, இது வெறும் கடைக் கடிதம் என்றார்.

அதிகாரி படித்தார். இன்னொரு தடவை படித்தார். "இது போதுமே" என்றார் மலாயில். மருதம்மாள் வைத்திருந்த அழைப்புக் கடிதத்தைத் திருப்பி, மூன்றாவது வரியில் பேனாவை வைத்துக் காட்டினார். சங்கம், அல்லது பதிவுபெற்ற கடை, அல்லது விண்ணப்பதாரரைப் பத்து வருஷத்துக்கு மேல் அறிந்த எவரும்.

காளிதாசன் அந்த மூன்றாவது வரியைப் பார்த்தார். நான்கு தடவை அவர் கைக்கு வந்த வரி.

"உங்களுக்கு இவரை எத்தனை வருஷமாகத் தெரியும்?" என்று அதிகாரி படிவத்தில் எழுதிக்கொண்டே கேட்டார்.

"நான் பிறந்ததிலிருந்து."

பேனா நின்றது. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை, விளங்கவில்லை, அவ்வளவுதான். "அப்படியானால் முதல் தடவையே நீங்கள் ஏன் எழுதிக் கொடுக்கவில்லை?"

காளிதாசன் மேசையில் கிடந்த அழைப்புக் கடிதத்தை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

மருதம்மாள் பதறிப்போய்விட்டாள். பிள்ளையை யாரோ திட்டுகிறார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, தெரிந்த தோட்டத்து மலாயை அள்ளிப்போட்டுக்கொண்டு, மேசைப் பக்கமாக முன்னால் சாய்ந்து, கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

"அவர ஒன்னும் சொல்லாதீங்கம்மா. அவரு பெரிய ஆளு. அவருக்கு மீட்டிங் இருந்துச்சு."

அதிகாரி மரியாதையோடு தலையசைத்தார். காளிதாசன் மருதம்மாளின் பையை எடுத்துக்கொள்வதற்காகக் குனிந்தார். பை கைக்கு வந்த பிறகும், அவர் வெகு நேரம் நிமிரவில்லை.